பரதேசிகளுக்கு ஒரு வீடு



நம்முடைய தமிழ் வேதாகமத்தில் ஒரு சொல் உண்டு. ஆலயத்தில் வாசிக்கக் கேட்கையில் அது பரிசுத்தமான சொல்லாக ஒலிக்கிறது. அதே சொல்லைக் கடைத்தெருவில் ஒருவர் நம்மைப் பார்த்துச் சொல்லிவிட்டாலோ முகம் சுருங்கிப்போகிறது. 'பரதேசி' என்பதே அச்சொல். சாராளை அடக்கம்பண்ண ஒரு துண்டு நிலம் கேட்டு ஏத்தின் புத்திரர் முன் நின்ற ஆபிரகாம் தம்மை அப்படித்தான் அறிமுகப்படுத்திக்கொண்டார் (ஆதியாகமம் 23). முப்பத்தொன்பதாம் சங்கீதத்தில் தாவீது தம் விண்ணப்பத்துக்குத் தேவன் செவிகொடுக்க வேண்டும் என்பதற்கு இதையே காரணமாகக் காட்டுகிறார். பேதுருவோ தம் முதல் நிருபத்தில் சபைகள் பலவற்றைச் சேர்த்து இப்பெயரால் அழைக்கிறார்.

கடந்த லெந்து நாட்களில் அந்த நிருபத்தைப் பெருமாள்மலையில் நாங்கள் தொடர்ந்து தியானித்தோம். வத்தலக்குண்டிலிருந்து மேலேறிவரும் சாலை கொடைக்கானலை எட்டுவதற்குச் சற்று முன்னே, பழனிக்கு இறங்கும் சாலை பிரிகிற இடம் எங்கள் ஊர். சுற்றுலா வருகிறவர்கள் தேநீர் அருந்த வண்டியை நிறுத்துவார்கள். மேகம் விலகியிருந்தால் பெருமாள் சிகரத்தைப் படம் எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவார்கள். அந்தச் சிகரத்தின் சரிவுகளிலும் அதற்கப்பாலுள்ள பள்ளங்களிலும் வாழ்கிற குடும்பங்களில் பல, ஒரு தலைமுறைக்கு முன் கடல் கடந்து வந்தவை என்பதை அவர்கள் அறியமாட்டார்கள். இங்கே அவர்களுக்கு 'சிலோன்காரர்' என்று பெயர். அரசாங்கக் காகிதங்களில் 'தாயகம் திரும்பியோர்'. இந்த இரண்டாவது பெயரில் ஒரு பிழை இருப்பதாகவே நான் நினைக்கிறேன். அவர்களில் மிகப் பலர் இலங்கையில் பிறந்தவர்கள். இந்தியாவைக் கண்ணால் கண்டதேயில்லை. காணாத ஊருக்கு ஒருவர் எப்படித் திரும்ப முடியும்?

இளம் வாசகர்களுக்காக வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலில் காப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் மதுரை, இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டை, சேலம் சீமைகளிலிருந்து கங்காணிகள் ஆட்களைத் திரட்டி இலங்கையின் மலைநாட்டுக்கு அழைத்துச் சென்றார்கள். வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். அவர்கள் மத்தியில் ஊழியம் செய்ய 1854-இல் தொடங்கப்பட்ட ஆங்கிலிக்கன் ஊழியத்தின் பெயரே 'தமிழ்க் கூலி மிஷன்'. சுவிசேஷம் கொண்டுபோனவர்களும் அவர்களை முதலில் கூலிகள் என்றே எண்ணியிருக்கிறார்கள். அந்தச் சொல் பிற்காலத்தில் நீக்கப்பட்டது.

இலங்கை சுதந்திரம் பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே அங்கே குடியுரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டம் ஒருவரிடம் கேட்ட கேள்வி: உன் தகப்பன் இங்கே பிறந்தானா? அல்லது உன் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா? அதற்குக் காகிதம் எங்கே? லயத்தில் பிறந்து லயத்திலேயே இறந்த மனிதரின் பிறப்புக்கு யார் காகிதம் எழுதிவைத்தார்கள்! லட்சக்கணக்கானோர் எந்த நாட்டுக்கும் உரியவரல்லாதவர் ஆனார்கள். 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். நாடற்றோர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று பிரித்துக்கொண்டார்கள். மீதி 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். பங்கிடப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. ஒரே லயத்தில் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மறு நாட்டுக்கும் ஆனார்கள்.

தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள் மண்டபம் முகாமில் சில நாள் தங்கவைக்கப்பட்டு, கையில் ஒரு குடும்ப அட்டையோடு பல மாவட்டங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். நீலகிரியில் அவர்களுக்கென்றே 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. சமவெளியில் வியாபாரக் கடன் பெற்றவர்களின் நிலையோ வேறு. கொழுந்து பறிப்பதன்றி வேறு தொழில் அறியாதவரிடம் பெட்டிக்கடை வைக்கச் சொன்னால் என்ன ஆகும்? கடன் தொகை கரைந்தது. வெயிலும் தாங்கவில்லை. மலையைத் தேடி வந்தவர்களில் பலர் இந்தப் பழனி மலைகளுக்கு வந்தார்கள். குளிரும் மூடுபனியும் ஊரை நினைவூட்டின. ஆனால் இங்கே தேயிலை இல்லை என்றே சொல்லலாம். வாட்டில் மரமும் தைல மரமும் வெட்டுகிற ஒப்பந்தக்காரர்களிடம் முன்பணம் வாங்கிக் காட்டுக்குள் போனார்கள். பட்டை உரித்தும் மரம் சுமந்தும் அந்த முன்பணம் தீரவேயில்லை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. ஆயினும் 1980-களில் இந்த மலைக்காடுகளில் கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்டவர்களில் இவர்கள் இருந்தார்கள்.

இவ்வளவையும் நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. உபத்திரவத்தைப் பற்றிப் பிரசங்கிக்கும் நாம் எல்லோரும் பொன்னையும் அக்கினியையும் பற்றிப் பேசுகிறோம். பேதுருவும் பேசுகிறார், முதல் அதிகாரத்திலேயே இருக்கிறது. ஆனால் அதை எடுத்து, தேவன் உங்களைப் புடமிடுவதற்காகவே நாடற்றவர்களாக்கினார் என்று பெருமாள்மலையில் ஒரு மூதாட்டியின் முகத்துக்கு நேரே என்னால் சொல்ல முடியாது. சட்டத்தை இயற்றியவர்கள் மனிதர்கள். முன்பணக் கணக்கில் பொய் எழுதியவர்களும் மனிதர்கள்தாம். அநியாயமாய்ப் பாடுபடுகிறவர்களைப் பற்றிப் பேதுரு எழுதும்போது, அது அநியாயம் என்பதை மறைக்காமல்தான் எழுதுகிறார். அநியாயத்துக்குத் தேவசித்தம் என்று பெயர் சூட்டுவது விசுவாசமாகாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாடுகள் தாமாகவே விசுவாசத்தை வளர்ப்பதில்லை. முப்பது ஆண்டு ஊழியத்தில் நான் கண்டது இது. பாடுகளால் கனிந்தவர்களைக் கண்டிருக்கிறேன். அதே பாடுகளால் கசந்து, குடித்து, பிள்ளைகளை அடித்து, தேவனையே மறந்துபோனவர்களையும் அதே லயத்தில், அதே காட்டில் கண்டிருக்கிறேன். அப்படியானால் வேறுபாடு எங்கே இருக்கிறது? அதற்கான விடையைப் பேதுரு ஒரு சொல்லுக்குள் வைத்திருக்கிறார் என்று தோன்றுகிறது.

'பரதேசி' என்று நம் மொழிபெயர்ப்புகளில் வருகிற பொருளுக்குக் கிரேக்கத்தில் இரண்டு மூன்று சொற்கள் உண்டு. அவற்றுள் ஒன்று 'பாரொய்கோஸ்'. 'ஒய்கோஸ்' என்றால் வீடு. 'பாரா' என்றால் பக்கத்தில். வீட்டுக்குள் இல்லாமல் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறவர் என்று கொள்ளலாம். அன்றைய ரோம உலகத்து நகரங்களில் குடியுரிமை இல்லாமல், ஆனால் அங்கேயே உழைத்து வாழ்ந்த மக்களுக்கு இச்சொல் வழங்கிற்று. பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா, ஆசியா, பித்தினியா நாடுகளில் இந்த நிருபத்தைப் பெற்றவர்கள் உண்மையாகவே இப்படிப்பட்ட மக்கள்தாம் என்று ஜான் எலியட் என்னும் அமெரிக்க வேத அறிஞர் 1981-இல் ஒரு நூல் எழுதினார். இல்லை, பரலோகத்தை நோக்கிப் பயணிக்கிறவர்கள் என்கிற உருவகமாகவே பேதுரு சொன்னார் என்பாரும் உண்டு. இறையியல் கல்லூரியில் இதைப் பற்றி நாங்கள் சாப்பாட்டு மணி அடித்த பிறகும் வாதிட்டதுண்டு. இந்த மலைக்கு வந்தபின் அந்த வாதத்தில் எனக்கு ஆர்வம் குறைந்துவிட்டது. காகிதமில்லாதவருக்கு உருவகம் என்ன, உண்மை என்ன?

பேதுரு அடுத்து என்ன செய்கிறார் என்பதே முக்கியம். வீடில்லாதவர்களிடம் அவர், பரலோகத்தில் வீடு உண்டு, அதுவரை பொறுத்திருங்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. இரண்டாம் அதிகாரத்தில் அவர்களையே கற்களாக எடுத்து ஒரு வீடாகக் கட்டுகிறார். ஒரு காலத்தில் ஜனமாகவே எண்ணப்படாதவர்களைத் தேவனுடைய ஜனம் என்கிறார். 'பாரொய்கோஸ்' ஆனவர்கள் கூடி 'ஒய்கோஸ்' ஆகிறார்கள். திருச்சபை வரலாற்றில் இன்னொரு விந்தையும் நடந்தது: அந்தச் சொல்லின் வழியிலேயே 'பாரிஷ்' என்னும் ஆங்கிலச் சொல் பிறந்தது. நாம் சேகரம் என்கிறோமே, அதுதான். சேகரம் என்று நாம் பெருமையோடு எழுதிவைக்கும் பலகைகளின் மூலச்சொல், குடியுரிமையற்றோர் கூடித் தங்கும் இடம் என்பதே.

எங்கள் சபையில் எழுபது வயதைக் கடந்த தாயார் ஒருவர் இருக்கிறார். அவருடைய அனுமதியோடு, பெயரைச் சொல்லாமல் எழுதுகிறேன். பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1972-இல் கணவரோடும் கைக்குழந்தையோடும் கப்பலேறினார். அங்கே சிங்களவரில் சிலர் 'கள்ளத்தோணி' என்றார்கள். இங்கே, குழாயடியில், 'பரதேசி' என்று கேட்டார். வாட்டில் காட்டில் ஆறு ஆண்டு. இரண்டாவது பிள்ளை அங்கேதான் பிறந்து, ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு, சாலைக்குத் தூக்கிவருவதற்குள் இறந்துபோயிற்று.

"அப்போ ஜெபம் பண்ணினீங்களாம்மா?" என்று ஒருமுறை கேட்டேன். போதகர்கள் கேட்கிற கேள்விதான்.

"எங்கய்யா ஜெபம்? ரெண்டு மாசம் வாயே தெறக்கல. மத்த நாலு குடும்பந்தான் சனிக்கிழம ராத்திரி எங்க குடிசைக்கு வந்து உக்காந்துச்சு. அவங்க பாடுவாங்க. நான் செவுத்தப் பாத்துக்கிட்டுப் படுத்திருப்பேன். ஒரு நாளு எந்திரிச்சு விளக்குக்கு எண்ண ஊத்தினேன். அவ்வளவுதான்."

நகோமியின் கசப்பைப் பற்றி ரூத்தின் புத்தகம் சொல்லும்போது, பெத்லகேமின் ஸ்திரீகள் அவளைச் சூழ்ந்துகொண்டதையும் சொல்கிறது. கடைசி அதிகாரத்தில் ரூத்தின் பிள்ளைக்குப் பெயரிடுகிறவர்கள் அந்த அயலகத்தார்தாம். இதை நான் பலமுறை வாசித்திருந்தேன். அந்தத் தாயார் விளக்குக்கு எண்ணெய் ஊற்றியதைக் கேட்ட பிறகே அதன் கனம் விளங்கிற்று. தன் விசுவாசம் தளர்ந்த இரண்டு மாதங்களும் மற்ற நான்கு குடும்பங்களின் விசுவாசத்துக்குள் அவர் படுத்திருந்தார். பின்னொரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார்: "சிலோன்ல கோயிலுக்குப் போனோம் ஐயா. இங்க வந்து கோயிலே நாங்கதான்னு ஆகிப்போச்சு." அவர் பேதுருவின் இரண்டாம் அதிகாரத்துக்கு விளக்கம் சொல்லவில்லை. தார்ப்பாய்க் குடிசையில் விரித்த பாயைப் பற்றித்தான் சொன்னார்.

அவருடைய குடும்ப அட்டை இன்றும் பத்திரமாக இருக்கிறது. மடிப்புகளில் கிழிந்து, பிளாஸ்டிக் உறையில் இட்டு, வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறார். அட்டையை வேதாகமத்துக்குள் ஏன் வைத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. வீட்டில் மழை ஒழுகினாலும் நனையாமல் காக்கப்படுவது அந்த ஒன்றுதான்.

சென்ற ஆண்டு அந்த அட்டை வெளியே எடுக்கப்பட்டது. அவருடைய மகன்வழிப் பேத்தி பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, செவிலியர் படிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அதற்குச் சாதிச் சான்றிதழ் தேவை. பாட்டனாருடைய ஆவணம் கொண்டுவா என்றார்கள். ஐம்பது ஆண்டு கழித்து, இன்னொரு நாட்டில், அதே கேள்வி: உன் பாட்டன் யார்? குடும்ப அட்டை, கண்டியிலிருந்த இந்தியத் துணைத் தூதரகம் கொடுத்த கடவுச்சீட்டு, நம் சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து நான் கையொப்பமிட்டுக் கொடுத்த நகல் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். பதிவேட்டின் அந்தப் பக்கத்தைத் திருப்புகையில் ஒன்று மனதில் பட்டது. ஞானஸ்நானத் தொட்டியருகே நாம் கேட்பது ஒரே கேள்வி: இந்தப் பிள்ளைக்கு என்ன பெயர்? பாட்டன் எங்கே பிறந்தான் என்று திருச்சபை கேட்பதில்லை. (சாதி கேட்காத திருச்சபை எங்கே இருக்கிறது என்று வாசகர் சிலர் உடனே கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கல்லறைத் தோட்டத்தையே பிரித்துவைத்த சபைகள் நம்மிடையே உண்டு. தொட்டியருகே கேட்காததைக் கல்யாணப் பேச்சில் கேட்கிறோம்.)

ஆவணங்கள் சேர்ந்தன. அப்போதுதான் மெய்யான இக்கட்டு வந்தது. விண்ணப்பத்தில் மதம் என்று ஓர் இடம் உண்டு. 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி, இந்து மதத்தைச் சாராதவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார். சீக்கியருக்காக 1956-லும் பௌத்தருக்காக 1990-லும் அது திருத்தப்பட்டது, கிறிஸ்தவருக்காகத் திருத்தப்படவில்லை. தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட கிறிஸ்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். அந்தப் பட்டியலில் அவளுடைய மதிப்பெண்ணுக்கு அரசுக் கல்லூரியில் இடம் கிடைப்பது அரிது. உறவினர் சிலர், "இந்துன்னு எழுதிரு. ஞாயித்துக்கிழம நீ எங்க போறன்னு எவன் பாக்கப்போறான்?" என்றார்கள்.

அவர்களை நான் குறைசொல்லமாட்டேன். அந்த வழியைத் தெரிந்துகொண்டு படித்து முன்னேறிய குடும்பங்கள் எல்லாச் சேகரங்களிலும் இருக்கின்றன. அவர்களுடைய காணிக்கையை நாம் வாங்கிக்கொண்டும் இருக்கிறோம். கிறிஸ்துவை ஏற்றதனால் தீண்டாமை ஒழிந்துவிட்டது என்று எண்ணுகிற சட்டம் நம் கிராமங்களைப் பார்த்ததில்லை. சட்டம் அநீதியானது என்பதே என் கருத்து. அதை எங்கும் சொல்வேன்.

அந்தப் பெண் என்னிடம் வந்து, "ஐயா, நான் என்ன எழுதட்டும்?" என்று கேட்டாள். கிறிஸ்தவன் என்ற பெயரினிமித்தம் பாடுபட்டால் வெட்கப்பட வேண்டியதில்லை என்று பேதுரு நான்காம் அதிகாரத்தில் சொல்வதை நான் அறிவேன். அவளும் அறிவாள்; ஞாயிறு பள்ளியில் அதைக் கற்பித்தவளே அவள். ஆகவே அதை எடுத்துச் சொல்லாமல், இரண்டு பக்கத்திலும் என்ன கிடைக்கும், என்ன போகும் என்பதை மட்டும் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். தீர்மானம் உன்னுடையது, எதை எழுதினாலும் நீ இந்தச் சபையின் பிள்ளை என்றேன்.

இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் சொன்னாள்: "அப்பாயிகிட்ட கேட்டேன் ஐயா. 'ரெண்டு நாட்டுலயும் நம்மள யாருன்னு அவங்கதான் எழுதினாங்க. இந்த ஒண்ணையாவது நீ எழுது'ன்னு சொல்லிருச்சு. நான் கிறிஸ்தவம்னு எழுதிட்டேன்."

சாட்சி சொல்லும் கூட்டங்களில் இந்த இடத்தில் கைதட்டல் எழும். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. பதினெட்டு வயதுப் பெண் தன் பெயருக்கு உண்மையாயிருந்ததன் கிரயத்தைத் தனியாகச் செலுத்தப்போகிறாள். நாம் ஞாயிற்றுக்கிழமை அவளைப் பாராட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவோம். கிறிஸ்துவுக்குள் நமக்கு இருக்கிற அடையாளத்தைப் பற்றி எத்தனை பிரசங்கம் செய்கிறோம்! வீட்டின் கல் ஒன்று கனத்தைத் தாங்கும்போது பக்கத்துக் கற்கள் தாங்காவிட்டால், அதற்குப் பேர் வீடு அல்லவே.

எதிர்பார்த்தபடியே அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. தனியார் கல்லூரி ஒன்றில் கிடைத்தது. சேகரக் குழுவில் விஷயத்தை வைத்தேன். மூன்று மணிநேரம் பேசினார்கள். ஒருவருக்குச் செய்தால் எல்லோரும் கேட்பார்கள் என்றார் ஒருவர். ஆலயக் கூரைக்கு ஒதுக்கிய பணம் என்றார் மற்றொருவர். இரண்டும் உண்மையே, கூரை மூன்று இடத்தில் ஒழுகுகிறது. கடைசியில், வாட்டில் காட்டில் தகப்பனைக் கொத்தடிமையாகக் கண்டவரும் இப்போது ஜீப் ஓட்டுகிறவருமான ஒரு சகோதரர் எழுந்து, "கூரைய அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வருவது முழுவதையும் கட்டணத்துக்கு ஒதுக்குவதென்று தீர்மானம் ஆயிற்று.

இந்த ஆண்டு ஏலத்தைப் பார்த்திருக்க வேண்டும். மலைப்பூண்டு, பேரிக்காய், வாழைத்தார், காப்பிக்கொட்டை, கால் கட்டிய சேவல்கள். அந்தத் தாயார் தம் வீட்டு வாசல் மரத்திலிருந்து ஒரு கூடை பட்டர் புரூட் கொண்டுவந்திருந்தார். அதை ஒருவர் ஏலமெடுத்துத் திரும்பவும் ஆலயத்துக்கே கொடுக்க, இன்னொருவர் எடுத்து அவரும் திரும்பக் கொடுக்க, அந்த ஒரே கூடை ஐந்து முறை ஏலம் போயிற்று. கூடையின் அடியில் இருந்த பழங்கள் நசுங்கிவிட்டன.

முதல் ஆண்டுக் கட்டணம் சேர்ந்துவிட்டது. அவள் இப்போது விடுதியில் இருக்கிறாள். வீட்டு நினைவு அதிகமாக இருப்பதாகவும் வெயில் தாங்கவில்லை என்றும் எழுதியிருக்கிறாள். இரண்டாம் ஆண்டுக்கு இன்னும் வழி தெரியவில்லை. ஆலயக் கூரை இன்னும் ஒழுகிக்கொண்டிருக்கிறது. ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.